பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வாங்க ஆசை. அசல் வண்டிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டிலேயே பராமரிக்க முடியுமா? மாற்றங்கள் செய்யலாமா?

இத்தாலிய வண்டி என்றால் டுகாட்டி, லாவெர்தா, மோரினி, கிலேரா என்று பெரிய குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். எனக்குக் கைப்பழக்கம் உள்ளது ஒன்றே ஒன்றில்தான்: மோட்டோ கூட்ஸி 850 டி3 (T3). இத்தாலியின் போலோனியாவில் பேக்கேஜிங் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 1976-ஆம் ஆண்டு வண்டி. அதை வைத்தே மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். உங்கள் மனதில் வேறு வண்டி இருந்தாலும் பார்க்கும் முறை பெரிதாக மாறாது.

முதலில், கூட்ஸியில் போலி ஏன் இவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோமோ ஏரிக்கரையில் மாண்டெல்லோ தெல் லாரியோ என்ற சிற்றூரில் 1921 முதல் இயங்கும் நிறுவனம் இது. குறுக்கே இரண்டு சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் 90 டிகிரி வி எஞ்சினை கார்கானோ வடிவமைத்தார். 1967-இல் வி7 என்ற பெயரில் வந்தது. அந்த வண்டியில் எஞ்சின் தலைமேல், இரண்டு சிலிண்டருக்கும் நடுவே டைனமோ உட்கார்ந்திருக்கும். அதனால் சேசிஸ் உயரம். பிறகு வந்த வடிவமைப்பாளர் லீனோ தோந்தி அந்த டைனமோவை எடுத்துவிட்டு, கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரை வைத்தார். கிடைத்த இடத்தில் நேரான குழாய்களால் தாழ்வான சேசிஸ் ஒன்றைப் போட்டார். 1971-இல் வி7 ஸ்போர்ட் அந்தச் சேசிஸோடு வந்தது. அதன்பிறகு 850 டி, டி3, லெ மான் எல்லாமே அதே தோந்தி சேசிஸ்தான். ஒன்றின் டேங்க் இன்னொன்றில் உட்காரும், ஒன்றின் எஞ்சின் இன்னொன்றில் ஏறும்.

சிக்கல் அங்கேதான். 1976-இல் வந்த முதல் லெ மான் இன்று டி3-ஐவிட மிக அதிக விலைக்குப் போகிறது. டி3 ஒன்றை எடுத்து, சின்ன ஃபேரிங் (ஹெட்லைட்டைச் சுற்றிய காற்றுத் தடுப்பு), சிவப்பு டேங்க், வார்ப்பு வீல் எல்லாம் மாட்டிவிட்டால் பத்தடி தூரத்தில் லெ மான்தான்.

நானும் முதலில் லெ மான்தான் தேடினேன். ஒரு வீட்டு கராஜில் வண்டி பார்க்கப் போனேன். சிவப்பு நிறம், ஹெட்லைட்டைச் சுற்றி அந்தப் பளிச் ஆரஞ்சுப் பட்டை, கண்ணை எடுக்க முடியவில்லை. விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டினார். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே வலப்பக்கம் லேசாகச் சாயும். கிராங்க் நீளவாக்கில் சுழல்வதால் கூட்ஸிக்கே உரிய அசைவு அது. அந்த ஒரு அசைவிலேயே பாதிப் பணத்தை மனதுக்குள் எண்ணிக் கொடுத்துவிட்டேன். கூட வந்த நண்பர்தான் டார்ச்சை எடுத்து ஹேண்டில் கழுத்தில் அடித்தார். சேசிஸ் நம்பர் 'வி.டி.' (VD) என்று தொடங்கியது. லெ மான் 'வி.இ.' (VE) என்று தொடங்க வேண்டும், 'வி.டி.' என்றால் டி3. (வி7 ஸ்போர்ட்டுக்கு 'வி.கே.') விற்பவரிடம் கேட்டோம். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். கைமாறிக் கைமாறி வரும்போது பொய்யை யார் தொடங்கினார் என்று தெரியாமலே போய்விடும்.

ஆகவே எழுத்தைப் பாருங்கள். எஞ்சினிலும் அதே தொடக்க எழுத்துகள் இருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். கூட்ஸி தொழிற்சாலையிலேயே அவை இரண்டும் பொருந்துவதில்லை. சேசிஸில் 'டி.ஜி.எம்.' என்று தொடங்கும் அரசு ஒப்புதல் எண் ஒன்றும் அடித்திருக்கும். அதையும் சேசிஸ் நம்பரையும் லிப்ரெத்தோ எனப்படும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண் அடித்த இடத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தால், எழுத்துகள் வரிசை கோணினால், சுற்றிலும் அரம் போட்ட தடம் தெரிந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

எண்ணுக்கு அப்புறம் கார்புரேட்டர். டி3-இல் 30 மி.மீ. சதுர ஸ்லைடு டெல்லோர்த்தோ வி.எச்.பி. இருக்கும், லெ மானில் 36 மி.மீ. பி.எச்.எஃப்., ஆக்ஸிலரேட்டர் பம்ப்போடு. டி3-க்கு ஆரம் போட்ட வீல், லெ மானுக்கு வார்ப்பு வீல். இவையெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, அதனால் துணைச் சாட்சிதான்.

சரி, கடைசியில் நான் டி3 ஆகவே விற்கப்பட்ட ஒரு டி3-ஐத்தான் வாங்கினேன். அதில் நான் கற்றதுதான் இந்தப் பதிலில் முக்கியமான பகுதி.

அந்தக் காலத்துக் கூட்ஸி சிலிண்டர்களில் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியச் சிலிண்டரின் உள்சுவரில் நேரடியாகக் கடின குரோம் பூசியிருப்பார்கள். எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இது அருமையாக உழைக்கும். ஆனால் வருடக்கணக்கில் ஈரமான கராஜில் நின்றால், குரோமுக்கு அடியில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். உரிந்த தூள் ஆயிலோடு சேர்ந்து கிராங்க் பேரிங் வரை போகும். டி3-க்கு முந்தைய வண்டிகளில் ஆயில் ஃபில்டரே கிடையாது, வெறும் கம்பி வலைச் சல்லடைதான்.

வாங்கிய முதல் வாரம் ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலை ஒரு வெள்ளை எனாமல் பேசினில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்தேன். கறுப்பு ஆயில் ஒதுங்கிய இடத்தில் வெள்ளிப் பொடி மினுங்கியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. காந்தம் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஒட்டவில்லை. குரோம் காந்தத்தில் ஒட்டாது. அதனால்தான் காந்தம் வைத்த டிரெயின் போல்ட் இதைக் காட்டிக்கொடுக்காது. எஞ்சின் வேலை முடிந்த வண்டி என்று சொல்லித்தான் எனக்கு விற்றிருந்தார்கள்.

ஹெட்டைக் கழற்றி, இடது சிலிண்டரை இழுத்தோம். கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு இடம், கண்ணாடிபோல இருக்க வேண்டிய சுவர் அங்கே மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. நம் ஊரில் புல்லட்டுக்குச் செய்வதுபோல ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. முடியாது. பூச்சு போன சிலிண்டரைக் கடைந்தால் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும். இரண்டு வழிதான் உண்டு: அதே சிலிண்டருக்கு நிக்கசில் (நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த கடினப் பூச்சு) போடுவது, அல்லது நிக்கசில் பூசிய புதுச் சிலிண்டர், பிஸ்டன் செட் வாங்குவது. மாண்டெல்லோவிலேயே இருக்கும் ஜிலார்தோனி இந்த செட்டுகளைச் செய்கிறது. நான் இரண்டாவது வழியில் போனேன், கூடவே பிக் எண்ட் பேரிங்கும் மாற்றினேன். வண்டி வாங்கிய பணத்தில் கணிசமான பங்கு மறுபடியும் செலவானது. கூட்ஸி நிறுவனமே 1980 வாக்கில் குரோமை விட்டு நிக்கசில் வகைப் பூச்சுக்கு மாறிவிட்டது.

ஆகவே 70-களின் கூட்ஸி பார்க்கப் போனால், விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "சிலிண்டர் இன்னும் குரோமா, மாற்றியாகிவிட்டதா? ரசீது இருக்கிறதா?" பிளக் ஓட்டை வழியாக உள்ளே விடும் சின்ன கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைப் பற்றி ஒரு விஷயம். டி3-இல் ஃபில்டர் வந்துவிட்டது, ஆனால் சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) உள்ளே. மாற்ற வேண்டுமென்றால் சம்ப் தட்டு முழுவதையும் இறக்கி, புது கேஸ்கெட் போட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டர் அதிர்வில் கழன்றால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஆயில் பிரஷர்தான் போகும். அதற்குக் கூட்ஸிக்காரர்கள் செய்யும் எளிய வேலை: ஃபில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் திருகுத் தலை பக்கத்துச் சுவரில் இடிக்கும்படி வைத்துவிடுவது. ஃபில்டர் திரும்ப நினைத்தாலும் கிளிப் விடாது. நானும் இதைத் தவறாமல் செய்கிறேன்.

மற்றபடி பராமரிப்பு பயப்படும்படி இல்லை. சொல்லப்போனால், வீட்டில் ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் நான் பார்த்ததில்லை. டாப்பெட் செட்டிங்கை, அதாவது வால்வு இடைவெளி சரிசெய்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கர் கவர் இரண்டும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், காற்றில் நிற்கின்றன. டேங்கைக்கூடக் கழற்ற வேண்டாம். முந்தின இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஐந்தாவது கியரில் போட்டு, பின்வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்தால் ஃப்ளைவீலில் கோடு தெரியும், பக்கத்தில் 'டி' (D) அல்லது 'எஸ்' (S). டி என்றால் தெஸ்த்ரா, வலது. எஸ் என்றால் சினிஸ்த்ரா, இடது. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் வலது, இடது இவை. முன்னால் நின்று பார்த்தால் மாறிவிடும், கவனம். வலது சிலிண்டருக்கு டி கோடு நேராக வரும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். இறுகியிருந்தால் அது எக்ஸாஸ்ட் முடிவு, இன்னும் ஒரு முழுச் சுற்று கிராங்கைத் திருப்புங்கள். பிறகு 0.22 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் அதே அளவு. கேஜ் வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கவும் கூடாது, மடங்கவும் கூடாது. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை கேஜைவிட்டுப் பாருங்கள், இறுக்கும்போது செட்டிங் நகர்ந்திருக்கும். நான்கு வால்வுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்.

செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். பின்பக்கப் பெட்டியில் 250 மி.லி. ஆயில், அதில் 20 மி.லி. மாலிப்டினம் கலவை. கியர்பாக்ஸில் 750 மி.லி. எஞ்சினில் 3 லிட்டர். கிளட்ச் கார்களில் இருப்பதுபோல உலர் கிளட்ச், அதனால் கியர்பாக்ஸ் சீல் கசிந்தால் தட்டு நனைந்து வழுக்கும். அதை மாற்றுவதற்கு எஞ்சினைத் தரையில் நிறுத்தி, சேசிஸின் கீழ்க்குழாய்களைக் கழற்றி, மேல்பாதியைத் தூக்கிவிட வேண்டும். வேலை பெரிது, ஆனால் அதற்காகவே குழாய்கள் கழலும்படி செய்திருக்கிறார்கள்.

இனி மாற்றங்கள். நான் செய்தவை: பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே (இல்லாவிட்டால் மொத்த மின்சாரமும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகும், ஸ்விட்ச் கருகும்), சம்பை இறக்காமலே ஃபில்டர் மாற்ற வசதியுள்ள புதுச் சம்ப் தட்டு. மூன்றும் வெளியே தெரியாது, மூன்றையும் ஒரே நாளில் பழையபடி மாற்றலாம். கழற்றிய அசல் பாகங்கள் எண்ணெய்த்தாளில் சுற்றி அலமாரியில் இருக்கின்றன. 83 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 88 மி.மீ. போட்டு 844 சி.சி.யை 949 ஆக்கும் செட்டும் கிடைக்கிறது. அதில் தவறில்லை, எனக்குத் தேவைப்படவில்லை.

பிரேக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்பேன். டி3-இல் மிதியை அழுத்தினால் பின் டிஸ்க்கும் முன் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கை லீவருக்கு முன் வலது டிஸ்க் மட்டும். பழைய காலத்துத் தொல்லை என்று பலர் பிரித்துவிடுகிறார்கள். லெ மானிலும் இதே அமைப்புதான் இருந்தது. மழையில் ஆப்பென்னைன் மலைச்சாலையில் ஒருமுறை இறங்கிப் பார்த்தால் இதன் அருமை புரியும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் மாஸ்டர் சிலிண்டர் அளவையும் மாற்ற வேண்டும், வெறும் குழாயை மாற்றினால் கை லீவர் தொய்ந்து வெகுதூரம் உள்ளே போகும்.

சேசிஸின் பின்பகுதியை அறுத்து, குட்டை சீட் போட்டு 'கஃபே ரேசர்' ஆக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தாலியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ரெவிசியோனே சோதனையில் சிக்கல் வரும், வரலாற்று வண்டிப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். அதைவிட, அறுத்த தோந்தி சேசிஸை யாராலும் அறுக்காததாக ஆக்க முடியாது.

பாகங்கள் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். இமோலா பந்தய மைதானத்தில் நடக்கும் பழைய வண்டிச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தார்ப்பாயில் கார்புரேட்டர், மீட்டர், சைலன்ஸர் என்று கொட்டிக் கிடக்கும். டி3-க்கு நான் தேடிக் கிடைக்காத பாகம் இதுவரை இல்லை.

வண்டி பார்க்கப் போகும் நாளில், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். அப்புறம் டார்ச், ஹேண்டில் கழுத்து, அந்த இரண்டு எழுத்து.