பாறை ஏற முதல் சப்பாத்து

கேள்வி: நான் 42 அளவு சப்பாத்துப் போடுபவன். பாறை ஏறப் பழகுவதற்கு கனடாவிலுள்ள மச்சான் சப்பாத்து வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். இரண்டு அளவு குறைத்து வாங்கு என்கிறான் நண்பன். சரியா?
- வாசகர், கிரான்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பேச்சை நம்பி நானும் இரண்டு அளவு சிறிதாக வாங்கினேன். குடும்பிமலைக்குப் போன முதல் நாளே பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பிறகு ஒரு மாதம் ஏறவேயில்லை.

விரல்கள் முன்பக்கத்தைத் தொட்டு லேசாக மடங்க வேண்டும், வலிக்கக் கூடாது. குதிக்காலில் வெற்றிடம் இருந்தால் அந்தச் சோடி உங்களுக்கு இல்லை. மேசு இல்லாமல், பின்னேரத்தில் போட்டுப் பாருங்கள். அந்த நேரம் கால் சற்று வீங்கியிருக்கும், நம் வெக்கைக்கு இன்னும் கூட. உள்துணி இல்லாத தோல் நாளடைவில் நன்றாக இளகும், செயற்கைத் துணி அவ்வளவு இளகாது. அளவு எண்ணும் ஒவ்வொரு கம்பனிக்கும் மாறும். அதனால் 42 என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தாளில் பாதத்தை வரைந்து, நீளத்தை மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். மாற்றித் தரும் கடையில் வாங்கச் சொல்லுங்கள்.

முனை கீழ்நோக்கி வளைந்தவை இப்போது தேவையில்லை, தட்டையான அடியே போதும். அடி இறப்பர் 4 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால் நிறைய நாள் உழைக்கும். தேய்ந்தாலும் புது அடி போடலாம். கழற்றியதும் வெயிலில் விடாதீர்கள், ஒட்டுப் பசை விட்டுவிடும்.

அப்புறம், கயிறு பிடிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் ஏறாதீர்கள் தம்பி.