குத்தகைக்கு விட்ட நிலத்தின் அரசு மானியம் யாருக்குச் சேரும்?

எச்-1பி விசாவில் பணிபுரியும் ஒரு தம்பதியர், டெக்சாஸ் மாநிலத்தின் வடகோடியிலுள்ள கிராமப்புறக் கவுன்டி ஒன்றில் சென்ற மாதம் 160 ஏக்கர் கோதுமை நிலம் வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து நிலத்து விவசாயி, ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கக் குத்தகை பேசிப் பயிரிடுகிறார். "இந்த நிலத்தை விற்றவருக்கு அரசு மானியம் வந்துகொண்டிருந்தது, இனி அது எங்களுக்கு வருமா?" என்று கேட்கிறார்கள்.

இப்போதுள்ள ஏற்பாட்டில் வராது. அமெரிக்க வேளாண் துறையின் மானியம், விளைச்சலிலும் விலையிலும் நட்டப்படும் ஆபத்தைச் சுமப்பவருக்கே உரியது. ரொக்கக் குத்தகையில் அந்த ஆபத்து முழுவதும் குத்தகைதாரரைச் சேர்வதால், மானியமும் முழுவதுமாக அவருக்கே போகும். விளைச்சலில் பங்கு பிரிக்கும் வார சாகுபடியாக இருந்தால், அந்தப் பங்கின் விகிதத்தில் நில உரிமையாளருக்கும் உண்டு. ஆனால் உங்களுக்கு அந்த வழியும் இப்போது அடைபட்டிருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், நிலமும் முதலும் மட்டுமல்லாமல் கணிசமான உடலுழைப்பையும் தாமே அந்தப் பண்ணையில் செலுத்தினால்தான் மானியத்துக்குத் தகுதி பெறுவார். எச்-1பி விசாவில் வேறிடத்தில் வேலை பார்ப்பவரால் அது ஆகாது. மானியத்துக்காகக் காகிதத்தில் மட்டும் வார சாகுபடி என்று எழுதிக்கொள்ளலாம் என யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். அது பொய்யான விவரம் தந்த குற்றமாகும். உங்களோடு அந்த விவசாயியும் மாட்டிக்கொள்வார்.

ஆயினும் நிலத்தோடு வந்த மானிய உரிமையின் அளவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் குத்தகைத் தொகை அதைப் பொறுத்தும் அமையும். உங்கள் நிலத்துக்குப் பொறுப்பான பண்ணை சேவை முகமை அலுவலகத்துக்குக் கிரயப் பத்திரத்தோடு சென்று பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொண்டு, 156இஇசட் என்ற பண்ணைப் பதிவின் நகலைக் கேளுங்கள். அதில் பேஸ் ஏக்கர், அதாவது முந்தைய ஆண்டுகளின் சாகுபடியை வைத்து மானியத்துக்காகப் பதிவான பரப்பு, என்று ஓர் எண்ணும், அதற்குரிய விளைச்சல் அளவும் இருக்கும். மானியம் இந்தப் பழைய கணக்கைத்தான் பின்பற்றுகிறது, இந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்பதை அல்ல. எடுத்துக்காட்டாகக் கோதுமைக்கு 100 பேஸ் ஏக்கரும், ஏக்கருக்கு 35 புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) விளைச்சலும் பதிவாகியுள்ளன என்று கொள்வோம். 2025ஆம் ஆண்டுச் சட்டம் கோதுமையின் ஆதார விலையை, அதாவது மானியம் கணக்கிட அரசு வைத்துக்கொள்ளும் விலையை, புஷலுக்கு 5.50 டாலரிலிருந்து 6.35 டாலராக உயர்த்தியது. நாட்டின் சராசரிச் சந்தை விலை 5.50 டாலராக இருந்தால், 85 சென்ட் வித்தியாசத்தை 35 புஷலாலும், பேஸ் ஏக்கரில் 85 விழுக்காடான 85 ஏக்கராலும் பெருக்க, பிடித்தங்களுக்கு முன் சுமார் 2,529 டாலர் வரும். விலை ஆதார விலையைத் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது. கவுன்டியின் சராசரி வருவாயை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு திட்டமும் உண்டு. எதுவானாலும் பணம் கைக்கு வர அறுவடைக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகும், 2025 கோதுமைக்கான தொகை 2026 அக்டோபரில்தான் வரும். எனவே உறுதியில்லாத இந்தத் தொகையை நம்பிக் குத்தகையை ஒரேயடியாக ஏற்றுவது விவசாயிக்கு நியாயமாகாது என்பது என் கருத்து.

நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட அவசரமானது. 1978ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வேளாண் முதலீட்டு அறிவிப்புச் சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் 10 ஏக்கருக்கு மேற்பட்ட வேளாண் நிலம் வாங்கினால், 90 நாட்களுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தை அதே அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பதால் இந்தக் கடமை நீங்காது. தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் நிலத்தின் சந்தை மதிப்பில் 0.1 விழுக்காடு அபராதம் ஏறலாம். அறிவிக்காமலே விட்டால் அது 25 விழுக்காடு வரை போகலாம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரின் விவரமும் படிவத்தில் இடம்பெற வேண்டும். சென்ற மாதம்தான் கிரயம் முடிந்தது என்பதால் கெடு இன்னும் தாண்டவில்லை; பெயர் மாற்றத்துக்குச் செல்லும் அன்றே இதையும் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியிட்ட நகலை வாங்கி வையுங்கள்.