பனி உருகாத ஊரில் வசந்தத்தை எப்படி வரைவது?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளோடு சேர்ந்து இயற்கைக் குறிப்பேடு எழுத, படம் வரைய ஆசை. யூடியூபில் தேடினால் பனி உருகுகிறது, டியூலிப் பூக்கிறது. இங்கே மாசி முடிவதற்குள் வெயில் கொளுத்துகிறது. நம் ஊரில் வசந்தம் என்று எதை வரைவது? எனக்குச் சரியாக வரையவும் வராது. போன வருஷம் விலை கூடிய நோட்டு ஒன்று வாங்கி, நாலாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். என்னென்ன வாங்க வேண்டும்? எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அந்த நாலு பக்க நோட்டைத் தேடி எடுங்கள். அதிலேயே ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். புது நோட்டு வாங்கினால் இன்னும் நாலு பக்கம்தான் நிரம்பும். நானும் அப்படிப் பல நோட்டுகளைச் சேர்த்தவன்.

குளிர்நாட்டுக்காரர்கள் வசந்தத்தைத் தரையில் தேடுவார்கள். நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் மரங்கள் சித்திரை வரை பொறுப்பதில்லை. மாசியிலேயே கல்யாண முருங்கை இலையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும். பங்குனியில் அரசும் புங்கனும் தளிர் விடும். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவும் அதையொட்டி வந்துவிடும். அப்புறம் சரக்கொன்றை. இடையில் விடியற்காலையில் குயில் கூவத் தொடங்கியிருக்கும். கூவுவது கறுப்பான ஆண் குயில். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, காக்கை எப்போது கூட்டை விட்டு நகரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனையையும் வரையப் போகாதீர்கள். ஒரே ஒரு மரம் போதும். வாசலிலிருந்து பார்க்கிற மாதிரி, தினமும் கடந்து போகிற மரமாக இருக்கட்டும். நோட்டு நாலாம் பக்கத்தில் நின்றதற்குச் சோம்பல் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் ‘அழகான’ ஒன்றைத் தேடிப் போயிருப்பீர்கள். தேடியது கிடைக்காத வாரம் நோட்டு மூடிக்கொள்ளும். ஒரே மரம் என்றால் தேடும் வேலையே இல்லை, மாறுகிற வேலையை மரம் பார்த்துக்கொள்ளும்.

என் சிபாரிசு புங்கமரம். மதுரைத் தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. சருகு கொட்டி முடித்த சில நாட்களில் கிளை நுனியைப் பாருங்கள். தளிர் முதலில் செம்பு கலந்த பழுப்பாக, நரம்பு தளர்ந்த விரல்போலத் தொங்கும். அடுத்த வாரம் எலுமிச்சைப் பச்சையாகி, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். பிறகு வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ, பொரி கொட்டியதுபோலத் தரையை மூடும். இன்னும் கொஞ்ச நாளில் இலையில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை. அதையும் வரையுங்கள். இலையைக் குறையில்லாமல் வரைந்தால் அது காலண்டர் படமாகிவிடும்.

‘எனக்கு வரைய வராது’ என்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு தளிரை எதிரில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் தாளைப் பார்க்காமல், பேனாவைத் தாளிலிருந்து தூக்காமல் அதன் ஓரத்தை வரையுங்கள். எறும்பு ஊர்கிற வேகத்தில் கண் நகரட்டும், கையும் கூடவே போகட்டும். படம் கோணலாகத்தான் வரும், மகள் சிரிப்பாள். ஆனால் இலை நுனி எந்தப் பக்கம் வளைகிறது என்பது அதற்குப் பிறகு உங்களுக்கு மறக்காது. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

படத்தின் பக்கத்தில் தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா என்று எழுதுங்கள். பிறகு மூன்று வரி: என்ன பார்த்தேன், அது எதுபோல இருந்தது, என்ன கேள்வி வந்தது. ‘வேப்ப மொட்டு நொய்யரிசிபோல இருக்கிறது. வாசனை காலையைவிடச் சாயங்காலம் ஏன் தூக்கலாக இருக்கிறது?’ இவ்வளவு போதும். ‘இயற்கை அன்னையின் எழில்’ என்று எழுத வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கருவிகள் என்று பார்த்தால் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவே நல்ல கருவி. அதன் மை எண்ணெய் சேர்ந்தது, மேலே வாட்டர்கலர் பூசினாலும் பெரும்பாலும் கரையாது. ஒருமுறை ஜெல் பேனாவில் ஒரு முழுக் கொன்றைக் கொத்தை வரைந்துவிட்டு வண்ணம் தொட்டேன், பக்கமே நீலக் குளமாகிவிட்டது. வண்ணத்துக்குக் குழந்தைகள் வைத்திருக்கும் கேம்லின் கேக் பெட்டி போதும். செலவு செய்வதென்றால் தாளில் செய்யுங்கள். 200 ஜிஎஸ்எம் அளவுக்குக் கனம் இருந்தால் ஈரம் பட்டு அவ்வளவாகச் சுருளாது.

பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே பூசாதீர்கள், அது எந்த மரத்திலும் இல்லாத பச்சை. எலுமிச்சை மஞ்சளை எடுத்துக்கொண்டு, அதில் குண்டூசித் தலையளவு நீலம் சேர்த்தால் புங்கந்தளிர் வரும். நீலம் கூடக்கூட இலை முற்றும். மாவிலையின் கரும்பச்சைக்கு ஒரு பொட்டு சிவப்பும் வேண்டும். சரக்கொன்றைதான் கொஞ்சம் படுத்தும், வெள்ளைத் தாளில் மஞ்சள் எடுபடாது. பூவை லேசாக விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் இலையை இருட்டாக்குங்கள், பூ தானே முன்னால் வரும். அந்தக் கொத்தில் மேலே பூ விரிந்திருக்கும், கீழே நுனியில் மொட்டாகவே இருக்கும். பக்கத்திலேயே போன வருஷத்துக் காய் கறுத்து, குழல்போல நீளமாகத் தொங்கும். ஒரே கிளையில் இரண்டு வருஷம்.

மகளுக்கு வண்ணப் பெட்டியைவிடச் சமையலறை பிடிக்கலாம். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா படியும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும், ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டால் பச்சை பக்கம் போகும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது ஆரத்தித் தட்டிலேயே பார்த்ததுதான். வெளிச்சம் பட்டால் இவை வெளுக்கும், அதனால் செய்தவுடன் போட்டோ எடுத்து வையுங்கள். அரளி, எருக்கு இரண்டும் வேண்டாம். அரளி முழுக்க விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மற்ற பூக்களையும் உதிர்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.

படம் எப்படி வந்தாலும் தேதியை மட்டும் விடாதீர்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் எழுதி வந்திருக்கிறார்கள். அதனால்தான் 2021இல் மார்ச் 26 அன்று மரங்கள் முழுதாகப் பூத்தபோது, அதுவரை கிடைத்த பதிவுகளிலேயே அது மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். நீங்கள் நோட்டில் எழுதுவதே அங்கேயும் போய்ச் சேரலாம்.

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் போங்கள், பத்து நிமிஷம் போதும். பரீட்சை வாரத்தில் விட்டுப்போனால் பின்னால் நினைவிலிருந்து வரைந்து நிரப்ப வேண்டாம். தேதி போட்டு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.