பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? மின்சாரக் கார் பிரேக், கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபது வருஷமாகப் பிரேக் வேலை பார்க்கிறேன். இப்போது மின்சாரக் கார்களும் நிறைய வருகின்றன. கேள்வி அனுப்பச் சொன்னதில் முக்கால்வாசிப் பேர் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறீர்கள், பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்று. "மின்சார வண்டி பிரேக் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். எந்த வண்டியாக இருந்தாலும், நேற்றுவரை கெட்டியாக இருந்த பெடல் இன்றைக்கு இளகினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அண்ணே, இரண்டரை வருஷ வண்டி. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால் கெட்டியாகிவிடுகிறது. (மன்னார்குடி)

தம்பி, அடிக்க அடிக்க ஏறுகிறதென்றால் லைனில், அதாவது பிரேக் ஆயில் ஓடுகிற குழாயில், காற்று இருக்கலாம், இல்லையென்றால் பின் சக்கர டிரம்முக்குள் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற கட்டை) தள்ளி நிற்கலாம். உங்கள் வண்டியில் பின்னால் டிரம்மும் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக்கும் இருந்தால், சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். மேலேயே நின்றுவிட்டால் ஷூ இடைவெளிதான், அப்போதும் பஞ்சாகவே இருந்தால் காற்று. நம்ம பக்கம் மேடு பள்ளமே கிடையாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ரீஜென்னே (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஷூ தானாக நெருங்கிக்கொள்கிற அமைப்பு பிரேக் வேலை செய்தால்தான் நகரும். அதனால் அது அப்படியே கிடக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளுகிற உருளை) சீல் போயிருக்கும், அல்லது எங்கேயோ ஒழுகும். அப்படி இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

வண்டி 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பேட் புதுசு மாதிரி இருக்கிறது. பிரேக் ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்? (திருவாரூர்)

பேட் (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டை இறுக்கிப் பிடிக்கிற கட்டை) ஓட்டத்தில் தேயும் சார், ஆயில் காலத்தில் கெடும். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி ஷெட்டில் நின்றாலும் உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டாட் 4 என்கிற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு விதிப்படியான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். போன தடவை திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள், சீல் உடைக்காத டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள்.

பேட், கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற பகுதி) வேலை முடிந்து மூன்று தடவை ஏர் எடுத்தாகிவிட்டது (லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது), இன்னும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. (பாபநாசம்)

எனக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. வேறொரு பட்டறையில் ஆயிலை லிட்டர் கணக்கில் ஊற்றி ஏர் எடுத்திருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஏர் எடுக்கிற நிப்பிள் கேலிப்பருக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார்கள். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்க மிதித்தாலும் ஆயில்தான் வரும், காற்று உள்ளேயே இருக்கும். மாற்றி மாட்டி ஒரு தடவை எடுத்தோம், பெடல் கல் மாதிரி நின்றது. முதலில் உங்கள் வண்டியில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அது சரியாக இருந்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) பெட்டிக்குள் காற்று சிக்கியிருக்கலாம். ஸ்கேனர் போட்டு உள்ளே இருக்கிற வால்வுகளைத் திறந்து மூடினால்தான் அது வெளியே வரும். மின்சாரப் பூஸ்டர் (நம் கால் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற கருவி) இருக்கிற வண்டியில் கைவைப்பதற்கு முன் சர்வீஸ் முறையில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேலை நடக்கும்போதே அது தானாக அழுத்தம் கொடுத்து விரலை நசுக்கிவிடலாம். ஆள் வைத்து மிதித்து எடுப்பதாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும், அங்கே வரை மிதித்தால் சீல் கிழியும்.

கடற்கரைப் பக்கம் வீடு. பிரேக் பிடித்தால் கரகரவென்று சத்தம், பெடலும் கொஞ்சம் இளகியிருக்கிறது. (நாகப்பட்டினம்)

உப்புக்காற்று. டிஸ்க்கில் துரு ஏறுவது பெரிய விஷயமில்லை, கேலிப்பர் நகர்கிற பின் இறுகுவதுதான் பிரச்சினை. அது இறுகினால் பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேயும், அந்தச் சாய்வை அழுத்தி நிமிர்த்தவே பெடலின் பாதித் தூரம் செலவாகும். வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்றே இருக்கிற கிரீஸ் போடச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை ஆள் இல்லாத சாலையில் ரீஜென்னைக் குறைத்து வைத்து, 50 வேகத்திலிருந்து ஐந்தாறு முறை நல்லா மிதித்து நிறுத்துங்கள். மிதித்தாலும் ரீஜென்னே பிடிக்கிற வண்டியென்றால் நியூட்ரலில் போட்டு மிதிக்கலாம்.

கொல்லிமலையில் தங்கின இடத்தில் முழு சார்ஜ் போட்டு இறங்கினோம். பாதி வழியில் பெடல் தரை வரை போய்விட்டது, அரைமணி நேரம் நிறுத்தியபின் சரியாகிவிட்டது. (மயிலாடுதுறை)

நீங்கள் எல்லாரும் நல்லபடியாக இறங்கியதே பெரிய ஆறுதல். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் அனுப்புகிற மின்சாரம் போக இடமில்லை, அதனால் வண்டி ரீஜென்னைக் குறைத்துவிடும். 70 கொண்டை ஊசி வளைவுக்கும் வெறும் பேட்டும் டிஸ்க்கும்தான் பாடுபட்டிருக்கின்றன. சூடு ஏறி, நீர் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆறினதும் பெடல் திரும்பியதை வைத்துச் சரியாகிவிட்டதாக நினைக்காதீர்கள், ஆயிலை முழுக்க மாற்றுங்கள். அடுத்த தடவை மேலே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

வண்டியில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறது, ஊற்றினால் போதுமா?

போதாது. பேட் தேய்ந்தால் அளவு இறங்கும், ஆனால் மின்சாரக் காரில் பேட் அவ்வளவு சீக்கிரம் தேயாது. சக்கரத்தின் உள்பக்கம், டிரம் அடி, பெடலுக்கு மேலே கால்மிதி பக்கம் எல்லாம் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

தம்பி, பையன் வண்டியில் பெடல் இறங்குகிறது. தஞ்சாவூர் சர்வீஸ் சென்டர் வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா? (பட்டுக்கோட்டை)

வேண்டாம் அக்கா. நாற்று ஏற்றின டிராக்டர் ஒன்று வயலிலிருந்து திடீரென்று ரோட்டில் ஏறினால் போதும். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம், சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், அதுவும் கெடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள், இன்சூரன்ஸிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள்.