பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ரோ ஹவுஸ், அதாவது பக்கத்து வீட்டோட சுவரு ஒட்டி வரிசையா கட்டின வீடு பத்திதான், அதனால மத்த கேள்விகளை அடுத்த தடவைக்கு வச்சுக்கிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். வீடுகளுக்கு மதிப்பு போடற வேலையிலதான் எனக்கு பாதி ஆயுசு போச்சு, அதனால கொஞ்சம் நீளமா பேசிட்டா பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம் சார். சிட்டிக்குள்ள ஒரே வரிசையில ஒட்டி ஒட்டி 8 வீடு, அதுல 3வது வீடு விலைக்கு வந்திருக்கு, கட்டி 20 வருஷம் ஆச்சு. ஓனர் ஒரு விலை சொல்றாரு, புரோக்கர் ஏரியா ரேட்டுக்கு இது கம்மிங்கறாரு, என் வீட்டுக்காரர் ரொம்ப அதிகம்ங்கறாரு, ஆன்லைன்ல பாத்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரேட்டு. நியாயமான விலைதானான்னு நாங்களே எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: சகோதரி, ஒரு விஷயத்துல நீங்க கொடுத்து வச்சவங்க. தனி வீடுன்னா அதே மாதிரி இன்னொரு வீடு தேடி அலையணும், மனை வேற, பிளான் வேற, கட்டின ஆள் வேறன்னு எதையும் எதோடவும் ஒப்பிட முடியாது. உங்க வரிசையில அந்த தொல்லை இல்ல, ஒரே அகலம், ஒரே பிளான், ஒரே வருஷம் போட்ட அஸ்திவாரம், கூடப்பிறந்ததுங்க மாதிரி 8 வீடு நிக்குது. அதுல ஏதாவது ஒண்ணு கடைசி ரெண்டு மூணு வருஷத்துல கைமாறியிருந்தா அந்த விலைதான் உங்க அளவுகோல், மத்த எல்லார் பேச்சும் அதுக்கு அப்புறம்தான்.

கைமாறின விலைன்னு சொல்றேன், கவனிங்க. ஆன்லைன்ல நீங்க பாக்கறது கேக்கற விலை, அது விக்கிறவங்களோட ஆசை, அந்த விலைக்கு யாரும் வாங்காததுனாலதான் விளம்பரம் இன்னும் அங்கயே கிடக்குது. வாங்கினவங்க கிட்டயே போய் கேளுங்க, நாங்க உங்க வரிசையிலதான் வீடு பாக்கறோம், நீங்க என்ன கொடுத்தீங்கன்னு கேட்டா முக்கால்வாசி பேரு சொல்லிடுவாங்க, பக்கத்துல வரப்போற ஆளு யாருன்னு அவங்களுக்கும் தெரிஞ்சுக்கணும்ல. பத்திரப்பதிவு விவரம் எடுக்க முடிஞ்சா எடுங்க, ஆனா பத்திரத்துல போட்ட தொகையும் கையில கொடுத்த தொகையும் ஒண்ணுதானான்னு அவங்க கிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அப்புறம் அந்த விலையை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கழிக்கணும். ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க, 6வது வீடு ஒன்றரை வருஷம் முன்னாடி 100க்கு போச்சு. அதுக்கப்புறம் அந்த சுத்துவட்டாரத்துல இதே மாதிரி வீடுங்க 6 சதவீதம் ஏறியிருக்குன்னா இப்ப 106. அந்த வீட்டுல பைப்லைனும் வயரிங்கும் புதுசா போட்டிருந்தாங்க, நீங்க பாக்கற வீட்டுல 20 வருஷ பழசு அப்படியே இருக்கு, அதை மாத்த 4 ஆகும்னா கழிங்க, 102. உங்க வீட்டுல மாடியில ஒரு பாத்ரூம் கூடுதலா இருக்கு, அதுக்கு 2 கூட்டுங்க, 104. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, வித்துப்போன வீடு உங்களதை விட நல்லா இருந்தா கழிக்கணும், மோசமா இருந்தா கூட்டணும், தலைகீழா போட்டுட்டா மொத்த கணக்கும் போச்சு. இப்ப ஓனர் 120 கேக்கறாருன்னா நடுவுல 16 நிக்குது, அந்த 16 எதுக்குன்னு அவரையே கேக்கலாம். நல்ல காரணம் இருந்தா அவரே காட்டுவாரு, ஏரியா வளருது சார்னு மட்டும் சொன்னா அது காரணம் இல்ல, ஏரியா வளந்தது ஏற்கனவே அந்த 6 சதவீதத்துல வந்துடுச்சு.

இது நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. ஒரே வீடு ரெண்டு தடவை கைமாறும்போது இருந்த விலைகளை ஒப்பிட்டா மார்க்கெட் எவ்வளவு ஏறிச்சுன்னு சுத்தமா தெரியும்னு 1963லயே பெய்லி, மூத், நோர்ஸ்னு மூணு பேர் கணக்கு எழுதி காட்டிட்டாங்க, 1980கள்ல கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் அதை எடுத்து வளத்துதான் அமெரிக்க வீட்டு விலை குறியீடு வந்துச்சு. அச்சா ஒரே மாதிரி வீடுங்க இருக்கற வரிசையில அதே யோசனையை நீங்க ஒரு நோட்டுப் புத்தகத்துல பண்ணிடலாம்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். நீங்க ஓனர் சொன்ன விலையை கேட்டுட்டீங்க, இனி உங்க மனசு அந்த நம்பரை சுத்தியேதான் வரும். 1987ல நார்த்கிராஃப்ட், நீல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அரிசோனாவுல டூசான் நகரத்துல ஒரு சோதனை பண்ணாங்க, ஒரே வீட்டை ரியல் எஸ்டேட் ஏஜெண்ட்டுகளுக்கு காட்டி, எல்லா விவரமும் ஒரே மாதிரி கொடுத்து, கேக்கற விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாத்தி கொடுத்தாங்க. அதிக விலை பாத்தவங்க அதிகமா மதிப்பு போட்டாங்க, கம்மி விலை பாத்தவங்க கம்மியா போட்டாங்க. ஆனா கேட்டப்ப பெரும்பாலான ஏஜெண்ட்டுங்க அந்த விலையை நாங்க கணக்குலயே எடுத்துக்கலன்னுதான் சொன்னாங்க. தினமும் இதே தொழில்ல இருக்கறவங்களுக்கே இந்த நிலைமைன்னா நமக்கு? அதனால உங்க வீட்டுல விலை காதுல விழாத ஒருத்தரை, தம்பியோ நாத்தனாரோ யாராவது, கூட்டிட்டுப் போய் வீட்டைக் காட்டி 6வது வீட்டு விவரமும் கொடுத்து அவங்களை ஒரு நம்பர் எழுதச் சொல்லுங்க. உங்க நம்பரையும் அவங்க நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

கேள்வி: மூணு மாடி வரிசை வீடு, 1920 சதுரடின்னு சொல்லி அதுக்கு சதுரடி ரேட் போட்டு விலை சொல்றாங்க. உள்ள போனா அவ்வளவு பெருசா தெரியல. ஏமாத்தறாங்களா சார்?

பதில்: பொய் சொல்லணும்னே இல்ல தம்பி, எங்கிருந்து எங்க வரைக்கும் டேப் பிடிச்சாங்கங்கறதுதான் விஷயம். உங்க லெட்டர்ல அகலம் 16 அடி, நீளம் 40 அடின்னு போட்டிருக்கீங்க, ஒரு மாடிக்கு 640, மூணு மாடிக்கு 1920, ஆக வெளிச்சுவரோட வெளிப்பக்கத்துல இருந்து அளந்திருக்காங்க. சுத்தி 9 இன்ச் சுவர்னா உள்ள அகலம் 14.5 அடி, நீளம் 38.5 அடி, ஒரு மாடிக்கு 558 சதுரடிதான் மிச்சம். சுவருக்கு மட்டும் கிட்டத்தட்ட 13 சதவீதம் போயிடுச்சு.

இதுல ரோ ஹவுஸுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. உங்க வலது பக்க சுவரு பக்கத்து வீட்டுக்காரரோட இடது பக்க சுவரு, ரெண்டு பேருக்கும் அது ஒரே சுவரு, உங்க இடது பக்கமும் அதே மாதிரிதான். நியாயமா பாத்தா சுவரோட நடுவுல இருந்துதான் அளக்கணும், அப்படி அளந்தா உங்க அகலம் 15.25 அடி, மூணு மாடிக்கு 1830 சதுரடி. முழு சுவரையும் உங்க கணக்குலயும் சேத்து அவர் கணக்குலயும் சேத்திருந்தா அந்த 90 சதுரடிக்கு நீங்க கொடுக்கற காசு, அதே சுவருக்கு பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே கொடுத்த காசு. அதனால பொதுச்சுவர் யார் கணக்குல இருக்கு, நடுக்கோட்டுல இருந்து அளந்தீங்களான்னு எழுத்துல கேளுங்க.

அப்புறம் மாடிப்படி. அகலம் கம்மியா உயரமா போற வீட்டுல படிக்கட்டு எடத்தைத் தின்னுடும், 7க்கு 12ன்னு ஒரு படிக்கட்டு கூண்டு இருந்தா மாடிக்கு 84 சதுரடி, மூணு மாடிக்கு 252 ஆச்சு. வெளிச்சுவர் போக மூணு மாடிக்கும் சேத்து இருக்கற 1675ல அதைக் கழிச்சா நீங்க நடமாட, கட்டில் போட 1423 சதுரடி, அதாவது சொன்ன அளவுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு. இதே 1920ன்னு சொல்லி ஒரே தளத்துல ஒரு ஃபிளாட் வித்தா அதுக்குள்ள படி இருக்காது. அதனால சதுரடி ரேட்டை வச்சு ஃபிளாட்டோட ரோ ஹவுஸை ஒப்பிடவே ஒப்பிடாதீங்க, அதுல வேற அடி நிலம் யாருக்கு எவ்வளவுங்கறதும் ரெண்டுலயும் வேற வேற. மூணு மாடி வரிசை வீட்டை இன்னொரு மூணு மாடி வரிசை வீட்டோட, அதுவும் ஒரே மாதிரி டேப் பிடிச்சு ஒப்பிடுங்க.

கேள்வி: ஓரத்து வீட்டுக்கு நடு வீட்டை விட 12 சதவீதம் அதிகம் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

பதில்: வெளிச்சத்துக்காகன்னா கொடுக்கலாம், ஆனா எவ்வளவுங்கறதை டார்ச் இல்லாம பகல்ல போய் பாத்து முடிவு பண்ணுங்க. நடு வீட்டுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் ஜன்னல். ஜன்னலோட மேல் விளிம்பு தரையில இருந்து எவ்வளவு உயரமோ அதைப் போல ரெண்டு மடங்கு தூரம் வரைக்கும்தான் உருப்படியான வெளிச்சம் உள்ள வரும்னு கட்டடக்காரங்க ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க. 7 அடின்னா முன்னால இருந்து 14, பின்னால இருந்து 14, ஆக 40 அடி நீள வீட்டுல நடுவுல 12 அடி பகல்லயும் லைட் போட்டுதான் இருக்கணும். நடு வீட்டுல மேல திறந்த முற்றமோ கண்ணாடி கூரையோ இருந்தா இந்தக் குறை பாதி தீந்துடும், அப்ப ஓரத்து வீட்டுக்கு அவ்வளவு கூடுதல் தேவையில்ல.

ஆனா ஓரத்து வீட்டுல ஒரு முழு சுவர் மூணு மாடி உயரத்துக்கு வெயிலயும் மழையையும் தனியா வாங்குது, பெயிண்ட் செலவு கூட, கோடையில சூடு கூட, குளிர்ல குளிரும் கூட. திருப்பத்துல இருந்தா வண்டி சத்தம் வேற. பக்கவாட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ல இன்னொரு கட்டடத்தோட சுவர்தான் தெரியுதுன்னா அந்த 12 சதவீதத்துல பாதி கூட கொடுக்காதீங்க.

கேள்வி: வாடகையை வச்சு விலை சரியான்னு பாக்கலாம்னு நண்பர் சொல்றார், அது எப்படி?

பதில்: வீட்டு விலையை ஒரு வருஷ வாடகையால வகுங்க. 15க்கு கீழ வந்தா வாங்கறது லாபம், 20க்கு மேல போனா வாடகைக்கு இருக்கறதே மலிவுன்னு பரவலா ஒரு கணக்கு சொல்வாங்க. உங்க வட்டி விகிதத்தைப் பொறுத்து இது முன்ன பின்ன போகும், அதனால இதை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. எனக்கு இது எதுக்கு உதவும்னா, ஒரே வரிசையில ஒரு வீடு 22, இன்னொண்ணு 30ன்னு வந்தா அந்த 30ல ஏதோ கூடுதலா ஏத்தி வச்சிருக்காங்கன்னு உடனே பளிச்னு தெரிஞ்சுடும். வாடகையும் விளம்பரத்துல கேக்கற வாடகை வேணாம், அங்க குடியிருக்கறவங்க மாசாமாசம் கொடுக்கற வாடகையை எடுங்க.

கேள்வி: வீடு புதுசா பெயிண்ட் அடிச்சு ஜம்முனு இருக்கு, இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்ல இருக்காங்க இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்கன்னு அவசரப்படுத்தறாங்க.

பதில்: போடாதீங்கம்மா. முதல்ல ரெண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க.

நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு வரிசை வீட்டுக்கு மதிப்பு போட்டேன், உள்ள எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, நல்ல விலையா எழுதிக் கொடுத்துட்டேன். வாங்கினவங்க குடி போன முதல் மழைக்காலத்துலயே படுக்கையறை சுவரு பூத்துப்போய் பெயிண்ட் உரிஞ்சு விழுந்துச்சு. கசிவு அந்த வீட்டுல இல்ல, பக்கத்து வீட்டு பாத்ரூம் அந்த சுவரை ஒட்டி இருந்திருக்கு, பல வருஷமா பைப் கசிஞ்சிருக்கு. அதை சரி பண்ணணும்னா பக்கத்து வீட்டுக்காரர் தன் பாத்ரூமை உடைக்கணும், அவர் மாட்டேன்னுட்டாரு, இவங்க எவ்வளவு காசு வச்சிருந்தும் ஒண்ணும் பண்ண முடியல. அந்தக் குடும்பத்தோட முகம் இன்னும் எனக்கு மறக்கல, அன்னைக்கு பக்கத்து வீட்டுக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்திருந்தா நான் அந்த விலையை எழுதியிருக்க மாட்டேன்.

அதனால புது பெயிண்ட் பொதுச்சுவர்ல மட்டும் அடிச்சிருக்கான்னு பாருங்க, சுவர்கிட்ட பீரோ நிறுத்தியிருந்தா நகத்தச் சொல்லுங்க, மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை போங்க. மொட்டைமாடி தண்ணி யார் பக்கமா வடியுது, சாக்கடை லைன் எத்தனை வீட்டு அடியில போகுது, அடைச்சுக்கிட்டா யார் செலவுன்னு கேளுங்க. தெரிஞ்ச பழுதுக்கு செலவு எவ்வளவோ அதை விலையில கழிக்கலாம், ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிச்சாதான் சரியாகும்ங்கற பழுதுக்கு வெறும் செலவை மட்டும் கழிச்சா பத்தாது. அவர் எழுதிக் கொடுத்தா வாங்குங்க, இல்லன்னா அந்த ரெண்டு பார்ட்டியில யாராவது வாங்கிக்கட்டும்.

கேள்வி: நான் விக்கிற ஆளு சார். 7 வருஷம் முன்னாடி விலை உச்சத்துல இருந்தப்ப வாங்கின ரோ ஹவுஸ், வாங்கின விலையும் அதுக்கப்புறம் பண்ண செலவும் சேத்துதான் கேக்கறேன், 9 மாசமா ஒருத்தரும் சரின்னு சொல்லல. நான் கேக்கறது நியாயம் இல்லையா?

பதில்: உங்க வருத்தம் நியாயம்தான் ஐயா, சம்பாதிச்ச காசு கரையறதை பாத்துக்கிட்டு யாராலயும் இருக்க முடியாது. ஆனா வாங்க வர்றவருக்கு நீங்க என்ன கொடுத்தீங்கங்கறது ஒரு கணக்கே இல்ல, அவரு உங்க வரிசையில மத்த வீடு என்ன விலைக்குப் போச்சுன்னுதான் பாப்பாரு. 1990கள்ல பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீடுகளை வச்சு ஜெனிசோவ், மேயர்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணி 2001ல வெளியிட்டாங்க, வாங்கின விலையை விட மார்க்கெட் விலை கீழ போயிட்டவங்க, அந்த வித்தியாசத்துல 25ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் கூடுதலா வச்சு விலை கேட்டிருக்காங்க. கொஞ்சம் அதிக விலை கிடைக்கவும் செஞ்சுது, ஆனா வீடு விக்க ரொம்ப நாள் இழுத்துச்சு. உங்க 9 மாசமும் அதே கதைதான்னு நினைக்கறேன்.

செலவு பண்ணதுலயும் பிரிச்சுப் பாருங்க, மொட்டைமாடிக்கு தண்ணி கசியாம போட்ட பூச்சு, மாத்தின பைப்லைன் இதுக்கெல்லாம் பில்லை எடுத்துக் காட்டுங்க, வாங்கறவர் மதிப்பாரு. உங்க ரசனைக்கு போட்ட மார்பிளுக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் முழுசா திரும்ப வராது. கடைசியா உங்க வரிசையில கைமாறின வீட்டு விலையை எடுத்து முதல் கேள்விக்கு சொன்ன மாதிரி கூட்டிக் கழிச்சு ஒரு நம்பர் போடுங்க, அந்த பேப்பரையே வர்றவங்க கிட்ட காட்டிப் பேசுங்க. அந்த நம்பர் உங்களுக்கு கட்டுபடி ஆகலன்னா விளம்பரத்தை எடுத்துட்டு ஒரு வருஷம் வாடகைக்கு விடுங்க, 9 மாசமா விலை போகாத வீடுன்னு பேர் வாங்கறதை விட அது மேல்.