வட்டிக் கணக்கில் ஒரு நாள் எங்கே போகிறது?

கேள்வி: என் கடனுக்கான வட்டியை நாள்வாரியாகச் சரிபார்க்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல் எழுதியுள்ளேன். இரு தேதிகளின் வித்தியாசத்தை மில்லிசெகண்டில் எடுத்து, ஒரு நாளின் மில்லிசெகண்டுகளான 8,64,00,000-ஆல் வகுத்து, பின்னத்தை நீக்கிவிடுகிறேன். கடன் கொடுத்த நிறுவனத்தின் அறிக்கையைவிடச் சில மாதங்களில் எனக்கு ஒரு நாள் குறைகிறது. யாருடைய கணக்கு சரி?

பதில்: முதலில் உங்கள் நிரலைச் சரிசெய்துவிடுங்கள். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில் அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். அந்த நாளைத் தாண்டும் இரு நள்ளிரவுகளின் வித்தியாசம் ஒரு மணி நேரம் குறைவாக வருவதால், பின்னத்தை நீக்கும்போது ஒரு முழு நாளே காணாமல் போகிறது. இரு தேதிகளையும் யுடிசி நேரத்தில் (கோடை மாற்றம் இல்லாத உலகப் பொது நேரம்) அமைத்துக் கழித்தால் இந்தப் பிழை வராது. பைத்தானில் நேரம் சேராத தேதிகளை நேரடியாகவே கழிக்கலாம்.

அதன் பிறகும் வித்தியாசம் நீடித்தால், விடை கடன் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. ஏனெனில் எத்தனை நாள் என்பது கடனின் நிபந்தனைகளில் ஒன்று. 2024 ஜனவரி 31 முதல் மார்ச் 1 வரை உண்மையான நாள்கள் 30. ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று கொள்ளும் முறையிலோ அதே இடைவெளி 31 நாளாகிறது. அசல் 1,00,000, ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால், 365 நாள் ஆண்டில் உண்மையான நாள்களுக்கு வட்டி 986.30, மற்ற முறையில் 1,033.33. இரண்டும் நடைமுறையில் உள்ள முறைகளே. ஆகவே ஒப்பந்தம் எதைச் சொல்கிறதோ அதையே உங்கள் நிரலும் பின்பற்ற வேண்டும்.

நான் உங்களை மிகவும் கவனிக்கச் சொல்வது தொடக்க நாளையும் முடிவு நாளையும்தான். தேதிகளைக் கழிக்கும்போது இரண்டில் ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். 1-ஆம் தேதி முதல் மாதக் கடைசி நாள் வரை இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவதில் தவறில்லை. ஆனால் 1-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரை இரு முனைகளையும் சேர்த்தால், அந்த எல்லை நாள் இரு மாதங்களிலும் எண்ணப்பட்டு, ஆண்டுக்கு 12 நாள் வட்டி கூடுதலாகச் சேர்ந்துவிடும். மேலே சொன்ன கடனில், அசல் குறையாமல் இருந்தால், அது 394.52. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அறிக்கையில் உள்ள எல்லா மாதங்களின் நாள்களையும் கூட்டி, முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலான மொத்த நாள்களோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

நிறுவனத்திடம் எழுத்துமூலம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை நாள், மாதத்துக்கு உண்மையான நாள்களா 30 நாளா, எந்த முனை சேர்க்கப்படுகிறது. பதில் வரும் வரை, பிப்ரவரி 28 முதல் மார்ச் 1 வரை 2023-இல் 1, 2024-இல் 2 என்று உங்கள் நிரல் தருகிறதா என்பதைச் சோதித்து வையுங்கள்.