லேப்டாப்பா, பவர் பேங்க்கா: யார் யாருக்குச் சார்ஜ் கொடுப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டைப்-சி பற்றியவை. பவர் பேங்க்கின் முதுகிலுள்ள பொடி எழுத்தைப் படித்திருந்தால் பாதிக் கடிதங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

பவர் பேங்க்கை லேப்டாப்பில் செருகினால், லேப்டாப்பின் சார்ஜ் பவர் பேங்க்குக்குப் போகிறது. கோளாறு எதில்? (மதுரை வாசகர்)

பெரும்பாலும் எதிலும் இல்லை. டைப்-சி ஒயருக்கு இரு முனைகளும் ஒன்றுதான். யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதை சிசி என்ற தனிக் கம்பி வழியாகக் கருவிகளே முடிவு செய்கின்றன. இரண்டுமே கொடுக்கவும் வாங்கவும் வல்லவை என்றால் முடிவு எப்பக்கமும் அமையலாம். ஒயரைக் கழற்றுங்கள். பவர் பேங்க் பட்டனை அழுத்தி, விளக்கு எரிந்ததும் செருகுங்கள். மறுபடியும் தவறினால் லேப்டாப்பை அணைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பொடி எழுத்துக்கு வாருங்கள். அவுட்புட் வரியில் 5 வோல்ட், 3 ஆம்பியர் மட்டும் இருந்தால் அது வெறும் 15 வாட். 20 வோல்ட் எதிர்பார்க்கும் லேப்டாப் பலவும் அதை ஏற்காது.

பவர் பேங்க்கின் பழைய நீள்சதுர யுஎஸ்பி-ஏ போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏறவில்லையே? (ஈரோடு வாசகர்)

ஏறாது. பெரும்பாலான லேப்டாப்களுக்கு அது தரும் மின்சாரம் போதாது. டைப்-சி போர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

சார்ஜ் ஆகவில்லை. என்ன செய்வது? (ஊர் குறிப்பிடாதவர்)

எது சார்ஜ் ஆகவில்லை? எதிலிருந்து? எந்த ஒயரில்? லேப்டாப் மாடல், பவர் பேங்க்கின் அவுட்புட் வரி, ஒயரில் அச்சிட்டிருப்பது, இம்மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள்.

100 வாட் பவர் பேங்க் வாங்கினேன். 60 வாட்டுக்கு மேல் ஏற மறுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (கோவை வாசகர்)

பவர் பேங்க்கைத் திட்டுமுன் ஒயரைப் பாருங்கள். சிப் இல்லாத டைப்-சி ஒயருக்கு 3 ஆம்பியர்தான் அனுமதி. 20 வோல்ட்டை மூன்றால் பெருக்கினால் 60 வாட். 100 வாட்டுக்கு 5 ஆம்பியர் தேவை. அதற்கு ஒயர் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிப் இருந்தாக வேண்டும். பவர் பேங்க் அந்தச் சிப்பைத் தேடும். பதில் வராவிட்டால் 60-லேயே நின்றுகொள்ளும். அது கோளாறல்ல, பாதுகாப்பு.

எனக்கு ஆறாத கோபம் ஒயர் விற்பவர்கள் மேல்தான். சான்று பெற்ற ஒயர்களுக்கு 60 வாட், 240 வாட் என்ற முத்திரைகள் 2021-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. இன்றும் கடையில் தொங்கும் ஒயர்கள் பலவற்றில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’. எத்தனை வாட் என்று கேட்டால் ‘எல்லாவற்றுக்கும் சேரும்’ என்பார்கள். அட்டையைத் தூக்கிப்போட்டபின் 60 வாட் ஒயரையும் 240 வாட் ஒயரையும் கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை. வாட் அச்சிடாத ஒயரை வாங்காதீர்கள். வீட்டிலிருக்கும் நல்ல ஒயரில் இன்றே ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

பவர் பேங்க்கின் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: அந்த 100 வாட் ஒரே போர்ட்டில் கிடைப்பதா, எல்லாம் சேர்த்தா? கூடவே போனையும் செருகியிருந்தால் லேப்டாப்பின் பங்கு குறையும்.

புது ட்ரிம்மருக்கு இருபுறமும் டைப்-சி உள்ள ஒயரில் ஏறவில்லை, ஒருமுனை யுஎஸ்பி-ஏ ஆன பழைய ஒயரில் ஏறுகிறது. (நாகர்கோவில் வாசகர்)

வாங்கும் கருவி நான்தான் என்று காட்ட, கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். அவை இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் மின்சாரம் விடாது; யுஎஸ்பி-ஏ போர்ட் எதையும் கேளாமலே விடும். சொற்பக் காசை மிச்சம்பிடிக்கச் சில தயாரிப்பாளர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியிலேயே இரண்டுக்குப் பதில் ஒன்றை வைத்ததால், இ-மார்க்கர் ஒயரில் மின்சாரம் ஏறாத சிக்கல் வந்தது. பழைய ஒயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கை விமானத்தில் கொண்டுபோகலாமா? லேப்டாப்புக்கு எத்தனை முறை ஏறும்? (திருச்சி வாசகர்)

20,000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்பியர் அவர். அதை உள்ளிருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் அவர். வரம்பு 100 என்பதால் கைப்பையில் வைக்கலாம். செக்-இன் பெட்டியில் கூடாது. வோல்ட்டை உயர்த்தும்போது வீணாவது போகச் சுமார் 60 கிடைக்கும், அதாவது 50 வாட் அவர் லேப்டாப்புக்கு ஒருமுறை. பொடி எழுத்து தேய்ந்து அளவு தெரியாத பவர் பேங்க்கை விமான நிலையச் சோதனையில் மறுக்க இடமுண்டு.